எக்ஸ்ரே நார்மல், ஆனா இடுப்பு வலி நிக்கல

இடுப்பு ஜாயிண்ட் மாத்தின உங்க அம்மாவுக்கு வலி நிக்கல, டாக்டர் "வயசானா அப்படித்தான்"னுட்டாருன்னு கேட்டிருந்தீங்க. எக்ஸ்ரே நார்மல்னு வந்தாலும் அந்த செயற்கை ஜாயிண்ட்ல பிரச்சனை இருக்கலாம்ங்க, எக்ஸ்ரேல எலும்பும் உலோகமும்தான் நல்லா தெரியும், சுத்தி இருக்கற சதை கெட்டிருந்தா தெரியாது.

2009ல ஆபரேஷன், நாற்காலில இருந்து எந்திரிச்சா தொடை இடுக்குல குத்துதுங்கறீங்க, எனக்கு முதல் சந்தேகம் மெட்டல்-ஆன்-மெட்டல் ஜாயிண்ட்தான், அதாவது உலோகப் பந்து உலோகக் கிண்ணத்துல உரசுற வகை. உரசி உரசி கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்துல கலக்கும். அந்த வகையில டீப்யூ கம்பெனியோட ஏஎஸ்ஆர் ஜாயிண்ட்டை 2010 ஆகஸ்ட்லயே உலகம் பூரா திரும்ப வாங்கிட்டாங்க.

1. பழைய ஃபைல்ல ஆபரேஷன் நோட்ஸ் பக்கம் சின்ன ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனி பேரு, லாட் நம்பரோட. என்னோடது டிஸ்சார்ஜ் சம்மரி பின்னாடி மஞ்சளாகி ஒட்டிக்கிட்டு கிடந்துச்சு, மூணு வருஷமா கண்ணுலயே படல.

2. மெட்டல்னா கோபால்ட், குரோமியம் ரத்த டெஸ்ட், கூடவே மார்ஸ் எம்ஆர்ஐ (உலோகத்தால படம் கெடறதை குறைச்சு எடுக்கற ஸ்கேன்) கேளுங்க.

ரத்தத்துல கோபால்ட்டோ குரோமியமோ லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் தாண்டினா கவனிக்கணும்னு பிரிட்டன்ல ஒரு கணக்கு, ஆனா அதை மட்டும் வச்சு மறு ஆபரேஷன் முடிவு பண்ணாதீங்க, கம்மின்னு அசந்தும் இருக்காதீங்க. காய்ச்சலோ தையல் இடத்துல சீழோ இருந்தா இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், அன்னைக்கே கூட்டிட்டு போங்க. "வயசானா அப்படித்தான்"னு சொன்ன டாக்டர்கிட்ட இல்ல, ரிவிஷன் (பழைய ஜாயிண்ட்டை மாத்தற மறு ஆபரேஷன்) பண்ற ஆர்த்தோ டாக்டர்கிட்ட.