பொம்பொலோனி: வெளியே கருகல், உள்ளே பச்சை மாவு

வணக்கம். வீட்டில் இத்தாலிய பொம்பொலோனி (உள்ளே கிரீம் நிரப்பிய, நடுவில் ஓட்டையில்லாத டோநட்) பொரித்தால் ஒரே நிமிடத்தில் கருத்துவிடுகிறது, பிட்டுப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு என்று எழுதியிருந்தீர்கள். அரை கிலோ மைதாவுக்கு 150 கிராம் சர்க்கரை போட்டதாகவும் சொல்கிறீர்கள். முதலில் அதைக் குறையுங்கள், 70 கிராம் தாராளம். மாவில் சர்க்கரை கூடினால் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும், ஈஸ்டும் மந்தமாகும். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் செய்யும் பொம்பொலோனியில் இனிப்பு பெரும்பாலும் வெளியே புரட்டும் சர்க்கரையிலும் உள்ளே வைக்கும் கிரீமிலும்தான் இருக்கும்.

அதைவிட எனக்குச் சந்தேகம், இரண்டாவது முறை மாவைப் பொங்கவிடுவதில்தான். அரை மணி நேரம் என்று கடிகாரம் பார்க்காதீர்கள். விரலால் லேசாக அழுத்துங்கள். குழி சட்டென்று மறைந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்; மெதுவாக எழும்பி லேசான தடம் மிச்சமிருந்தால் பொரிக்கலாம். ஒவ்வொன்றையும் மெழுகு பூசாத பேக்கிங் பேப்பர் துண்டின் மேல் பொங்க வையுங்கள். அப்படியே பேப்பரோடு எண்ணெயில் இறக்கினால், கையால் தூக்கும்போது அமுங்கிப்போகாது. சில நொடிகளில் பேப்பர் பிரிந்துவிடும், இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய் 170 டிகிரி இருக்கட்டும், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று போதும். நன்றாகப் பொங்கியது பாதி மிதந்தபடி வேகும், இடுப்பைச் சுற்றி வெளிர் வளையம் விழும். அதைப் பார்த்தாலே மனசு நிறையும்! சூடாக இருக்கும்போதே சர்க்கரையில் புரட்டுங்கள். கிரீமை மட்டும் ஆறிய அப்புறம் துளையிட்டு நிரப்புங்கள்.