மகளின் உடம்பைப் பற்றிப் பேசும் சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: 13 வயது மகளைப் பார்த்து, வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் "என்ன இப்படி ஊதிட்டே?", "கறுத்துப் போயிட்டியேடி" என்கிறார்கள். தடுத்தால் "அக்கறையிலதானே சொல்றோம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பேச்சில் ஏதாவது நியாயம் இருக்கிறதா, இல்லை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. ஒரு குழந்தையின் மேல் உண்மையிலேயே அக்கறை இருப்பவர், நாலு பேர் முன்னால் அவளை நிறுத்தி வைத்து அவள் இடுப்பைப் பற்றிப் பேச மாட்டார். கவலை இருந்தால் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். அப்புறம், அந்தப் பேச்சில் புதிதாக ஒரு தகவலும் கிடையாது. பருமனாக இருப்பவருக்குத் தான் பருமன் என்பது தெரியும். அந்த உடம்போடுதான் தினமும் குளிக்கிறார், உடுத்துகிறார், படியேறுகிறார். உங்கள் மகளுக்கும் தெரியும். சொந்தக்காரர் சொன்னதால் அவளுக்குப் புதிதாகத் தெரிய வருவது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே வரும்போது இவர்கள் முதலில் பார்ப்பது என் உடம்பை.

நானும் என் தங்கையும் ஒரே வீட்டில் ஒரே சமையலைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பருத்த உடம்பு. அவளுக்கு எலும்பு தெரிகிற உடம்பு. எங்கள் அத்தை ஒருவர் என் தட்டைப் பார்த்து "போதும், எழுந்திரு" என்பார். அதே மூச்சில் அவள் பக்கம் திரும்பி, "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு, காத்தடிச்சா பறந்துடுவ" என்பார். நான் குண்டு, அவள் ஒல்லிப்பிச்சான். எங்கள் பெயர்கள் அந்த வீட்டில் அதிகம் புழங்கவில்லை. அந்த அத்தை வருகிற நாட்களில் "பசிக்கவில்லை" என்று சொல்ல இருவருமே கற்றுக்கொண்டோம். இத்தனை வருடப் பேச்சில் நான் மெலியவும் இல்லை, அவள் பெருக்கவும் இல்லை.

ஏன் என்பதை வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன். 1990-இல் சுவீடன் நாட்டு இரட்டையர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. சிறுவயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒருகரு இரட்டையர்களும், ஒன்றாக வளர்ந்தவர்கள் அளவுக்கே, எடையில் ஒருவரை ஒருவர் ஒத்திருந்தார்கள். வளர்த்த வீட்டை விடப் பிறவிக்கூறுகள்தான் அதிகம் தீர்மானித்திருந்தன. பிறகு 1994-இல் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்வது அதுதான். எடை குறைந்தால் லெப்டினும் குறைகிறது. உடனே மூளை பசியைக் கூட்டுகிறது, உடல் செலவழிக்கும் சக்தியைக் குறைக்கிறது. அதனால்தான் பட்டினி கிடந்து குறைத்த எடை அத்தனை பேருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. தைராய்டு சுரப்புக் குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு மருந்துகள், தூக்கமின்மை என்று வேறு காரணங்களும் உண்டு. சாப்பாடும் உடற்பயிற்சியும் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இவற்றில் எது காரணம் என்று தெரியவே தெரியாது, அப்படியிருக்க "வாயைக் கட்டு" என்று சொல்ல அவருக்கு எந்த அடிப்படையும் இல்லை என்கிறேன்.

சரி, வெட்கப்பட வைத்தாலாவது ஒருவர் திருந்துவாரே என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்டவர்களை நான்கு ஆண்டு இடைவெளியில் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் உடற்பருமன் இல்லாதவர்களில், எடையைக் காரணம் காட்டித் தங்களை மட்டமாக நடத்தினார்கள் என்று சொன்னவர்கள் பின்னர் உடற்பருமன் அடையும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ 2.5 மடங்கு இருந்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கேலிக்குப் பயந்தவர் விளையாட்டு மைதானத்துக்குப் போக மாட்டார், நீச்சல் குளத்தில் இறங்க மாட்டார், எல்லோர் முன்னாலும் சாப்பிடாமல் இருந்துவிட்டுத் தனியாக இருக்கும்போது அள்ளி அள்ளிச் சாப்பிடுவார்.

மருத்துவரிடமும் போக மாட்டார். ஒரு சமயம் எனக்கு மாதக்கணக்கில் களைப்பும் மூச்சு வாங்குவதுமாக இருந்தது. நான் பார்த்த மருத்துவர் நாற்காலியை விட்டு எழாமலே "வெயிட்டைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார். வெகுநாள் கழித்து வேறொருவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். கடுமையான ரத்தசோகை. என் தங்கைக்கு அதே களைப்பு வந்திருந்தால் முதல் நாளே ரத்தம் எடுத்திருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன். உருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம், அதனால் நோய் உள்ளேயே தங்கிவிடுகிறது.

யாராவது உங்களிடம் பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண்) கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஒன்று சொல்லுங்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்கு, 1830-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே என்ற புள்ளியியலாளர் மக்கள் கூட்டத்தின் சராசரியைப் படிக்கும்போது கண்டது. 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்கு இப்போதைய பெயரைக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோரை ஒப்பிட அது உதவும். ஒரு தனி மனிதரின் எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதிலும் 13 வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் எல்லைகள் (அதிக எடைக்கு 25, உடற்பருமனுக்கு 30) பொருந்தவே பொருந்தாது. வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி வரைபடத்தை வைத்துக் குழந்தைநல மருத்துவர்தான் பார்க்க வேண்டும். பூப்பெய்தும் காலத்தில் பெண் குழந்தைகளின் உடலில் கொழுப்பு கூடுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. இடுப்பும் தொடையும் அகலும், முகப்பரு வரும். உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிற நேரத்தில்தான் உங்கள் உறவினர்கள் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. மெலனின் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை கறுப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு மெலனின், எந்த வகை மெலனின் என்பதில்தான் வேறுபாடு. கறுப்பு ஒரு குறை இல்லாதபோது அதற்கு மருந்து எதற்கு? ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: யாராவது பரிவோடு முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம் வாங்கிக் கொடுத்தால் மகள் கைக்குப் போக விடாதீர்கள். அப்படிப்பட்ட சில க்ரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

"இதெல்லாம் மனித இயல்பு, எப்போதும் இருந்ததுதான்" என்பது அடுத்த வாதம். பிஜி தீவில் பருத்த, உறுதியான உடம்பைத்தான் மக்கள் மதித்து வந்தார்கள். அங்கே நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. பள்ளி மாணவிகளை ஆன் பெக்கர் என்ற ஆய்வாளரின் குழு அப்போது ஒருமுறையும் 1998-இல் ஒருமுறையும் ஆராய்ந்தது. எடையைக் கட்டுப்படுத்தச் சாப்பிட்டதை வாந்தியெடுப்பதாக முதல்முறை ஒரு பெண்கூடச் சொல்லவில்லை. மூன்றே ஆண்டுகளில் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். தொலைக்காட்சியைப் பார்ப்பதே இதைச் செய்யும் என்றால், சொந்த வீட்டிலேயே பெயர் சொல்லிக் கிண்டல் செய்வது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

பார்க்கப் பிடிக்காதவர்களை ஒதுக்குவதைச் சட்டமாகவே வைத்திருந்த நகரங்களும் உண்டு. உடல் ஊனமோ உருக்குலைவோ உள்ளவர் பொது இடத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சிகாகோ 1881-இல் சட்டம் போட்டது. அதை நீக்கியது 1974-இல். இத்தனை பின்னால் வரை அது ஏட்டில் இருந்தது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி ஏற்றுக்கொள்வது பற்றி. "எல்லோருமே அழகுதான்" என்று சொல்லிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அப்படிச் சொன்னாலும் அழகுதான் நுழைவுச்சீட்டு என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது. உங்கள் மகள் யாருக்கும் அழகாகத் தெரியாத நாளிலும் அவளிடம் மரியாதையாகப் பேச வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பாட்ரிட்ஜ் 1970-இல், 18 வயதில், கார் தீப்பிடித்து முகமெல்லாம் வெந்தவர். 1992-இல் 'சேஞ்சிங் ஃபேசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி, முகத்தில் வேறுபாடு உள்ளவர்களுக்குச் சம உரிமை கேட்டுக் கடைசிவரை வேலை செய்தார். அவர் கேட்டது சமத்துவம். பள்ளியில், வேலையில், தெருவில் எல்லோரையும் போல நடத்தப்படுவது.

இதைக் குழந்தைக்குச் சொல்லித்தர ஒரு நல்ல சந்தர்ப்பம் அடிக்கடி வரும். தெருவில் வெண்புள்ளி உள்ள ஒருவரைப் பார்த்து, குழந்தை சத்தமாக "அவங்க கை ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்கும். நாம் உடனே வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போகிறோம். அது ஏதோ பேசக்கூடாத பயங்கரம் என்று குழந்தை புரிந்துகொள்கிறது. "அவங்க தோல்ல சில இடத்துல நிறம் இல்ல. அது ஒட்டாது, வலிக்காது. நிறைய பேருக்கு இருக்கு" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு நடங்கள். உலகில் நூறு பேரில் ஒருவருக்கு, சில கணிப்புகளில் இருவருக்கு வரை, அது இருக்கிறது. சொட்டை, மாறுகண், எத்துப்பல், தீக்காயத் தழும்பு எதுவானாலும் இதே முறைதான். முறைத்துப் பார்ப்பதும் தவறு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வதும் தவறு. கண்ணைப் பார்த்து, வந்த விஷயத்தைப் பேச வேண்டும்.

பாராட்டிலும் கவனமாக இருங்கள். என்னோடு வேலை பார்த்த பெண் ஒருவர் கணவரை இழந்த பிறகு சாப்பிட முடியாமல் மெலிந்து போனார். திரும்பி வந்த முதல் வாரம் முழுக்க "சூப்பரா இளைச்சிட்டீங்களே, என்ன டயட்?" என்ற கேள்விதான். விஷயம் தெரியாதவர்கள் கேட்டது, கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு, எடை கூடினாலும் குறைந்தாலும் நான் யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. "உங்களைப் பார்த்ததில் சந்தோஷம்" என்பதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை பேச்சு வரும்போது மகளின் முன்னாலேயே, அந்த நிமிடமே பதில் சொல்லுங்கள். பிறகு தனியாகச் சமாதானப்படுத்தினால், பெரியவர்கள் முன்னால் அம்மாவும் வாய் திறக்கவில்லை என்பதுதான் அவள் மனதில் நிற்கும். சண்டை வேண்டியதில்லை. "அத்தை, அவ உடம்பைப் பத்தி நம்ம வீட்ல பேசறதில்ல. பாட்டுப் போட்டிக்குத் தயாராகிட்டிருக்கா, அதைக் கேளுங்க." "வேடிக்கைக்குச் சொன்னேன்" என்றால், "அவளுக்கு வேடிக்கையா இல்ல சித்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை இதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். விடாதவர்கள் வரும்போது, மகளுக்கு வேறு வேலை இருக்கிறது என்று அவளை விடுவித்து விடுங்கள். அவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

இன்னொன்று, கண்ணாடி முன் நின்று "எனக்கு வயிறு தொங்குது, அசிங்கமா இருக்கு" என்று நாமே சொல்வதையும் குழந்தைகள் கேட்கிறார்கள். செல்லப்பெயர் என்ற பேரில் அப்பாவோ அண்ணனோ "கருவாச்சி", "குள்ளச்சி" என்று கூப்பிட்டால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்த்தால், சாப்பிட்டதும் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், மாதவிடாய் நின்றுபோனால், கண்ணாடி முன் மணிக்கணக்கில் நின்றால் அல்லது கண்ணாடியையே தவிர்த்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உணவுண்ணல் கோளாறுகள் ஒல்லியான பெண்களுக்கு மட்டும் வருபவை இல்லை. பருமனான பெண்களுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் வருகின்றன. பருமனான குழந்தை பட்டினி கிடந்து இளைத்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை, வீடே கைதட்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஒருவராவது, "என்னம்மா, ஒழுங்கா சாப்பிடறியா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.