டிரில் பிட் கருகுவது ஏன்? - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மடக்குக் கத்தியின் கைப்பிடிக்கு 1.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டில் இரண்டு லைனர் (கைப்பிடியின் உட்புறத் தகடு) வெட்டினேன். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய தகடு. பாதி ஆழத்தில் டிரில் பிட் இறங்காமல் சும்மா சுற்றி, முனை கருகிவிடுகிறது. கோபால்ட் பிட்டுக்கும் அதே கதி. இரண்டு லைனரிலும் பிவட் துளை (பிளேடு சுழலும் அச்சுக்கான துளை) நேராக வரவுமில்லை. பித்தளைக்கு மாறிவிடட்டுமா?

செ.

அன்புள்ள செ.,

பிட்டை மாற்றிப் பயனில்லை. அது வெட்டாமல் உரசுகிறது. காந்தம் ஒட்டாத தகடு என்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஆகவோ, நம் ஊர்ச் சந்தையில் நிறையப் புழங்கும் 202 ஆகவோ இருக்கும். இரண்டுமே உரசிய இடத்தில் இறுகிப்போகும் ரகம்; 202 இன்னும் மோசம். வெப்பத்தையும் சீக்கிரம் கடத்தாது, சூடு முழுக்க முனையிலேயே தங்கும்.

135 டிகிரி முனையுள்ள கோபால்ட் பிட் 3 மி.மீ. என்றால் 1000 ஆர்.பி.எம். போதும். கந்தகம் சேர்ந்த கட்டிங் ஆயில் விடுங்கள். ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. இறங்கும்படி விடாமல் அழுத்தினால் உங்கள் தகட்டை இரண்டு மூன்று வினாடியில் தாண்டிவிடும். பயந்து பயந்து தொட்டு எடுப்பதுதான் கெடுக்கிறது. சென்டர் பஞ்சை ஓங்கி அடித்தாலும் அந்தப் புள்ளி இறுகும்; லேசாகத் தட்டினால் போதும். ஏற்கெனவே இறுகிய துளையை, தகட்டைத் திருப்பிப் போட்டுப் புது பிட்டால் மெதுவான வேகத்தில் மறுபக்கமிருந்து முயலுங்கள். தகட்டைக் கையால் பிடிக்கவே கூடாது. பிட் வெளியேறும் கணத்தில் கவ்விச் சுழற்றினால் விரல் போகும். அடியில் ஓர் இரும்புத் தகடு வைத்துக் கிளாம்ப் போட்டால் பிசிறும் குறையும்.

துளை விலகுவது தனித்தனியாகப் போடுவதால். இரண்டு லைனரையும் சூப்பர் குளூவால் ஒட்டி, முதலில் பிவட் துளையை மட்டும் போடுங்கள். 5 மி.மீ. பின்னுக்கு (அச்சுக் கம்பிக்கு) 4.8 பிட், சுமார் 650 ஆர்.பி.எம். பிறகு, துளையைச் சரியான அளவுக்குச் சீவிவிடும் 5 மி.மீ. ரீமர், 250-க்கு மேல் வேண்டாம். துளையை 4.95 வரை கொண்டுபோய்விட்டு ரீமர் விடுவார்கள் சிலர். வெட்டச் சதை இல்லாமல் ரீமரும் உரசத்தான் செய்யும். ரீமரைப் பின்னோக்கிச் சுற்றி எடுக்காதீர்கள், வெட்டு விளிம்பு போய்விடும். அந்தத் துளையில் பின்னைச் செருகிவைத்துக்கொண்டே மற்ற துளைகளைப் போடுங்கள். ஒட்டியதை அசிட்டோன் பிரித்துவிடும்.

எம்3 மரை போடுவதானால் வழக்கமான 2.5 துளைக்குப் பதில் 2.6 போடுங்கள். மரை ஆழம் கொஞ்சம் குறையும், மரை வெட்டும் டேப் உள்ளே முறியாது.

பித்தளை சுலபம்தான், ஆனால் கறுக்கும், கனமும் கூடும். அதைவிட 416 ஸ்டெயின்லெஸ் கிடைக்கிறதா பாருங்கள். கந்தகம் கலந்த ரகம், சீவல் துண்டு துண்டாக உதிரும், போல்ஸ்டருக்கு (கைப்பிடியில் பிளேடு பக்கம் வரும் உலோகத் துண்டு) நான் அதைத்தான் சொல்வேன். துருத் தாங்குவதில் 304-க்கு நன்றாகவே கீழே. எதில் செய்தாலும் பிளேடுக்கும் லைனருக்கும் நடுவே 0.5 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் வையுங்கள். ஸ்டெயின்லெஸும் ஸ்டெயின்லெஸும் நேரடியாக உரசினால் ஒன்றையொன்று பிறாண்டிச் சிக்கிக்கொள்ளும்.