ஜன்னல் சட்டத்துக்கு நாமே பெயின்ட் அடிக்கலாமா? கேள்வியும் பதிலும்

காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் 25 வருஷமாக பெயின்ட் வேலை பார்க்கிறேன். பொங்கலுக்கு வீட்டு ஜன்னலைத் தாங்களே அடிக்கப் போகிறவர்கள் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது.

சத்துவாச்சாரியிலிருந்து: அண்ணா, போன வருஷம் அடித்த மர ஜன்னல், மூடினால் திறக்க முடியவில்லை. இழுத்தால் பெயின்ட் பட்டையாகப் பிய்ந்து வருகிறது.

தம்பி, பழையதைத் தேய்க்காமல் மேலே மேலே அடித்துக்கொண்டே வந்திருப்பார்கள். கதவு போய் சட்டத்தில் உட்காரும் விளிம்பைப் பாருங்கள், அங்கே ஒரு ரூபாய்க் காசு தடையில்லாமல் நுழைந்து நகரணும். நுழையவில்லை என்றால் அந்த விளிம்பில் மட்டும் மரம் தெரியும்வரை சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120 போட்டுத் தேய்த்து, பெயின்ட் பிடிக்க அடியில் அடிக்கிற பிரைமர் ஒன்று, மெல்லிசாக ஒரே ஒரு கோட்டிங், அவ்வளவுதான். இழைப்புளி பிடிக்கிற யோசனை இருந்தால் இப்போது வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஊதியிருக்கும், அந்த நேரத்தில் இழைத்தால் சித்திரையில் விரல் நுழைகிற சந்து விழும். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதும் போதாது, மேல் தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். பிறைபோல தடம் விழுந்தால் அன்றைக்கு ஜன்னலை மூடாதீர்கள், கொசு வந்தாலும் பரவாயில்லை, வலை கட்டிக்கொண்டு படுங்கள்.

குடியாத்தம்: தேய்க்காமல் நேராக அடித்தால் என்ன?

உரியும். எனாமல் பளபளப்பாக இருக்கும்போது அடுத்த கோட்டிங் அதைப் பிடிக்காது. பளபளப்பு போய் மங்கும்வரையாவது தேய்க்கணும்.

வாலாஜாபேட்டை: ஐயா, தாத்தா கட்டிய வீடு, தேக்கு ஜன்னல். கைக்குழந்தை இருக்கிறது. தேய்க்கலாமா?

அம்மா, இதை நல்லவேளை கேட்டீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய பூச்சில், அதிலும் பழைய மஞ்சள், சிவப்பில், ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி தேய்த்தால் தூசி தரையில் படியும், தவழ்கிற குழந்தை கையில் ஒட்டி வாய்க்குப் போகும். மெஷின் வேண்டாம், தீ காட்டிச் சுரண்டவும் வேண்டாம். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்து, துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வேலை முடியும்வரை குழந்தையை அம்மா வீட்டில் விட முடிந்தால் எனக்கு நிம்மதி. பெயின்ட்டும் தண்ணீரில் கலக்கும் எனாமலே வாங்குங்கள், வாடை குறைவு, வெள்ளை சீக்கிரம் மஞ்சளாகாது.

ஆற்காடு: கம்பிக்கு?

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு, அதாவது இரும்புக்கு அடிக்கிற பிரைமர். மறுநாள் என்று விட்டால் மறுபடி துரு வரும். கம்பி சட்டத்தில் இறங்குகிற அந்தக் குழியில்தான் தண்ணீர் நின்று அரிக்கும், சின்ன பிரஷ் எடுத்து அங்கே முதலில் அடியுங்கள்.

கொணவட்டம்: சட்டத்தில் வெடிப்பு இருக்கிறது.

முதலில் பிரைமர், காய்ந்தபின் வெடிப்பை அடைக்கிற மக்கு (புட்டி). வெறும் மரத்தில் வைத்தால் அதிலுள்ள எண்ணெயை மரம் உறிஞ்சிவிடும், மக்கு காய்ந்து உதிரும். மக்கு இறுகினபின் தேய்த்து அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப ஒரு பிரைமர் தொட்டுவிடுங்கள்.

காட்பாடி: அக்னி நட்சத்திரத்தில் லீவு கிடைக்கிறது, அடிக்கலாமா?

வெயில் ஏறுமுன் முடியுங்கள். நம்ம ஊர் வெயிலில் மதியம் அடித்தால் பிரஷ் நகர்வதற்குள் இழுக்க ஆரம்பித்து கோடு கோடாக நிற்கும். என்னைக் கேட்டால் தை, மாசிதான் நல்ல மாதம்.

பேரணாம்பட்டு: கண்ணாடியில் ஒட்டிய டேப்பை எப்போது எடுப்பது?

கடைசி கோட்டிங் ஈரமாக இருக்கும்போதே, சாய்வாக, மெதுவாக. காய்ந்தபின் இழுத்தால் பெயின்ட்டும் கூடவே வரும்.