எந்த மைக் வாங்கலாம்? வீட்டில் பாடுவோரின் கேள்விகளும் பதில்களும்

கொழும்பில் வீட்டு அறையிலேயே பாட்டு, ராப், தேவாரம், பொட்காஸ்ட் என்று பதிவு செய்கிறவர்கள் கேட்டவை இவை. பகிடியாகக் கேட்டவற்றையும் விடவில்லை. அவற்றில் சொல்லப்படும் பிரச்சினைகள் எல்லாம் உண்மையானவை.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்கட வீடு மரீன் டிரைவ் பக்கம். ரயில், பஸ் ஹோர்ன், காகம், பின்னேரமானால் பாட்டுப் போட்டுப் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ. நான் தனியாகப் பாடினாலும் கோஷ்டி கானம்தான் பதிவாகிறது. என்னை மட்டும் எடுக்கிற மைக் எது?

அப்படி ஒரு மைக்கை இன்னும் யாரும் செய்யவில்லை தம்பி. ஆனால் உங்கள் குரல் முன்னுக்கும் காகம் பின்னுக்கும் நிற்கும்படி செய்யலாம். உங்களுக்கு டைனமிக் மைக்தான் சரி. ஷூர் எஸ்எம்58 போதும். 1966 இல் வந்த மைக், இன்றைக்கும் மேடைகளில் அதுதான் நிற்கிறது.

டைனமிக் வெளிச்சத்தத்தைத் தானாக வெட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் வேலை செய்வது தூரம். டைனமிக்குக்கு உணர்திறன் குறைவு, அதனால் நீங்கள் கிட்டப் போய்ப் பாடியே ஆகவேண்டும். தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும், ரயில் சத்தம் அப்படியே இருக்கும். ஒரு சாண் தூரத்தில் பாடியவர் நாலு விரல் தூரத்துக்கு வந்தால் வித்தியாசம் உடனே கேட்கும்.

அடுத்தது, இந்த மைக் பின்பக்கத்திலிருந்து வருவதைத்தான் மிகக் குறைவாக எடுக்கும். ஆகவே மைக்கின் வால் ஜன்னலைப் பார்க்க வேண்டும், உங்கள் முகமும் ஜன்னலைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, தெருவை நேராக மைக்கின் வாய்க்குள் விடுகிறார்கள். ரயில் வந்தால் நிறுத்துங்கள், போனதும் அந்த வரியைத் திரும்பப் பாடுங்கள்.

தெஹிவளையிலிருந்து: பொட்காஸ்ட் செய்கிற எல்லார் வாய்க்கு முன்னாலும் ஷூர் எஸ்எம்7பி மைக். அதை வாங்கினால் கதைக்க விஷயமும் சேர்ந்து வருமா?

விஷயம் உங்களிடம் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மைக்கும் நல்ல மைக்தான். ஆனால் அதற்குக் குறைந்தது 60 டெசிபெல் கெயின், அதாவது சத்தத்தைப் பெருக்கும் அளவு, வேண்டும். மலிவான இன்டர்பேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) அவ்வளவு ஏற்றினால் 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும், பிறகு பூஸ்டர் வாங்கவும் காசு தேட வேண்டும். முதலில் எஸ்எம்58, ஒரு நல்ல இன்டர்பேஸ், காதை முழுதாக மூடும் ஹெட்போன். மிச்சக் காசு பையிலேயே இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அக்கா: மகள் கர்நாடக சங்கீதம் பாடுகிறாள். கொண்டென்சர் வாங்கலாமா? எங்கட குக்கர் விசிலும் சுருதி சேர்ந்துதான் வருகிறது!

வாங்கலாம் அக்கா, மெல்லிய சத்தத்தையும் எடுக்கும் கொண்டென்சர் வகை மைக்குக்கு இங்கே நியாயம் இருக்கிறது. கமகத்தின் நுணுக்கம், மெல்லப் பிடித்து விடுகிற மூச்சு எல்லாம் அதில் துலக்கமாக வரும். ஒடியோ டெக்னிக்கா ஏடி2020 தொடக்கத்துக்கு நல்லது. அதன் சொந்த இரைச்சல், அதாவது மைக் தானே எழுப்பும் 'உஸ்', 20 டெசிபெல். ரோட் என்டி1 இன் ஐந்தாம் தலைமுறையில் அது வெறும் 4. மெல்லிய ஆலாபனை நிறையப் பாடுபவர் என்றால் இந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம். இரண்டையும் இன்டர்பேஸில் பூட்டினால் அதிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும், அந்தப் பொத்தானை அமத்த மறக்க வேண்டாம்.

ஆனால் மைக்குக்கு முன் அறையைப் பாருங்கள். எங்கள் வீடுகளில் சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை. குரல் போய் மோதித் திரும்பி வரும், கொண்டென்சர் அதையும் விடாமல் எடுக்கும். மகளின் முதுகுப் பக்கம் தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். மைக்கின் முகம் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறது, ஆகவே அங்கிருந்து திரும்பும் சத்தத்தைத்தான் முதலில் அடக்க வேண்டும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவிட்டு அதற்கு முன்னால் நின்று பாடினாலும் நல்ல பலன் உண்டு. சுவரில் முட்டை மட்டை ஒட்டாதீர்கள். பலன் மிகக் குறைவு, நெருப்புப் பிடித்தால் ஆபத்து. தம்புரா ஹெட்போனில் ஒலிக்கட்டும். குக்கரை எப்போது அடுப்பில் வைப்பது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: புது கொண்டென்சர். ஐஸ்கிரீம் கோன் மாதிரிப் பிடித்து உச்சியில் பாடினேன். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிறது.

உச்சியில் பாட வேண்டியது எஸ்எம்58 வகையில். உங்களுடையதைப் போன்ற பெரிய கொண்டென்சர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கவாட்டில், கொம்பனிச் சின்னம் இருக்கிற பக்கமாகப் பாட வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்துங்கள், கையில் பிடித்தால் விரல் அசைவதும் பதிவாகும்.

ஒரு தங்கச்சி: பழைய இலங்கை வானொலி அறிவிப்பாளர் மாதிரிக் கம்பீரக் குரல் வேண்டும். எந்தக் கடையில் கிடைக்கும்?

கொஞ்சம் உங்கள் மைக்கிலேயே இருக்கிறது. இங்கே சொன்ன மாதிரி மைக்குகளுக்குக் கிட்டப் போகப் போகக் குரலின் அடிப்பகுதி தடிக்கும். இரண்டு மூன்று விரல் தூரத்தில், சத்தம் போடாமல், நிதானமாகக் கதைத்துப் பாருங்கள். அவ்வளவு கிட்டப் போனால் 'ப' வெடிக்கும். 'பப்பாசிப் பழம்' என்று சொல்லிச் சோதியுங்கள். வாய்க்காற்றைத் தடுக்கும் வலையான பொப் பில்டர் போட்டு, மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சரித்து வைத்தால் அடங்கிவிடும். மிச்சக் கம்பீரம் உச்சரிப்பிலிருந்து வரவேண்டும். அந்த அறிவிப்பாளர்கள் ஒரு சொல்லையும் விழுங்கியதில்லை, அதைத்தான் பழக வேண்டும்.

மட்டக்குளியிலிருந்து: தம்பி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு என்ட எஸ்எம்58 இல் ராப் பாடினான். மைக்கை விற்கவா, தம்பியை விற்கவா?

இரண்டும் வீட்டில் இருக்கட்டும். வலைத் தலையைச் சுழற்றிக் கழற்றி, மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் உள்ளே இருக்கும் பஞ்சோடு கழுவுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகே பூட்ட வேண்டும். மைக்கின் உடம்பில் தண்ணீர் படக்கூடாது.

மருதானையிலிருந்து: இரண்டு கொத்து ரொட்டிக் காசுக்கு 'ஒரிஜினல்' ஷூர் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

கொத்து ரொட்டியைச் சாப்பிடுங்கள். எஸ்எம்58க்குப் போலிகள் ஏராளம். உண்மையானது கேபிள் இல்லாமல் 298 கிராம், குசினித் தராசில் வைத்தால் தெரியும். எடை சரியாக இருந்தாலும் உத்தரவாதப் பத்திரம் தரும் விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

கல்கிசையிலிருந்து: கடற்காற்றில் என் கொண்டென்சர் அப்பளம் பொரிகிறது.

ஈரம் உள்ளே போயிருக்கும். சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக மூடும் பெட்டியில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். பாடி முடிந்ததும் அதன் இடம் அந்தப் பெட்டிதான், ஸ்டாண்டிலேயே விடாதீர்கள்.

கடைசியாக, கிராண்ட்பாஸிலிருந்து: மின்விசிறியைப் போட்டால் பாட்டில் புயல். நிறுத்தினால் நான் ஆவியாகிப் போகிறேன்.

மின்விசிறியை மைக்கின் பின்பக்கமாக, தூரத்தில், மிகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். காற்று மைக்கில் நேராகப் படாமல் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள். பதிவில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டினால் உறுமல் போகும், 'உஸ்' போகாது. அது பொறுக்க முடியாவிட்டால் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு சரணமாகப் பாடி, இடையில் மின்விசிறியைப் போட்டு ஆறிக்கொள்ளுங்கள். ஒரு போத்தல் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.