சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்
வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் பழைய விமானங்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே இந்த இதழில் அரசியல் கேள்விக்கும் சமையல் கேள்விக்கும் விடுமுறை. முழுக்க விமானம்தான்.

1970-களின் நடுவில் சித்தப்பாவை வழியனுப்ப மதுரை விமான நிலையத்துக்குப் போனோம். அவர் ஏறியது காற்றாடி வைத்த இரட்டை எஞ்சின் விமானம். அது ஆவ்ரோ என்று அண்ணன் சொல்கிறான், நான் ஃபோக்கர் என்கிறேன். சித்தப்பா எழுதிய கடிதத்தில், ‘சக்கரம் மடங்கி உள்ளே போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்’ என்று ஒரு வரி இருக்கிறது. இதை வைத்துச் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

அந்த ஒரு வரி போதும் அம்மா. நீங்கள் சொன்னதுதான் சரி. அது ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப்.

ஃபோக்கரின் இறக்கை உடம்புக்கு மேலே, கூரை போட்ட மாதிரி இருக்கும். எஞ்சின்கள் அந்த இறக்கையில் தொங்கும். சக்கரக் கால்கள் அந்த எஞ்சின் கூட்டிலிருந்து நாரைக் கால் மாதிரி நீளமாகக் கீழே இறங்கும். அதனால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவருக்கு முழு வித்தையும் தெரியும். தரையை விட்டு எழும்பியதும் கால் மெல்லப் பின்னால் மடங்கி உள்ளே போய்விடும், கதவு சாத்திக்கொள்ளும். ஆவ்ரோவில் இறக்கை கீழே, எஞ்சின் அந்த இறக்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். சக்கரம் இறக்கைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். உள்ளே இருப்பவர் கழுத்தை எப்படி வளைத்தாலும் அதைப் பார்க்க முடியாது. உங்கள் சித்தப்பா தெரியாமலேயே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் குழம்பியதில் தப்பே இல்லை. இரண்டிலும் இருந்தது ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் எஞ்சின். வைக்கவுண்ட் விமானத்திலும் அதேதான், அதில் நாலு. சாணை பிடிப்பவர் சக்கரத்தில் கத்தியை வைத்ததும் ஒரு கீச்சொலி கிளம்புமே, அந்த மாதிரி மெல்லிசாக, காதைக் குடையும்படி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ‘டார்ட்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் மூன்றில் எது என்று சொல்லக் கண்ணைத் திறந்தாக வேண்டும். சிறுவயதில் நான் எத்தனையோ தடவை ஓடிப்போய்ப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

ஆவ்ரோ பற்றி இன்னொரு சேதி. அது நம் நாட்டிலேயே, கான்பூரில், அரசின் விமானக் கம்பெனியான ஹெச்.ஏ.எல். கட்டிய விமானம். அங்கே கட்டிய முதல் விமானம் 1961-இல் பறந்தது. மொத்தம் 89 கட்டினார்கள். இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 17, மிச்சமெல்லாம் விமானப்படைக்கு. அந்த வயதான ஆவ்ரோக்களின் இடத்துக்குத்தான் இப்போது சி-295 என்ற போக்குவரத்து விமானம் வந்துகொண்டிருக்கிறது.

கேரவல் விமானத்தை எப்படி அடையாளம் கண்டீர்கள்?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

ஜன்னலைப் பார்த்து. ஓரம் மழுங்கிய முக்கோணமாக இருக்கும். எஞ்சின் இரண்டும் வாலுக்குப் பக்கத்தில். 1964-இல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கியதிலேயே அழகான விமானம் எது என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

எங்கள் ஊரில் 1990-களில் வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிரும்படி ஒரு விமானம் போகும். ஜெட் சத்தமும் இல்லை, சாதாரணக் காற்றாடிச் சத்தமும் இல்லை. இப்போது கேட்பதே இல்லை. அது என்ன?
– ஒரு வாசகர், அரக்கோணம்

அது டியூ-142. கடலைக் கண்காணிக்கவும் நீர்மூழ்கிகளைத் தேடவும் கடற்படைக்காக சோவியத் நாட்டிலிருந்து வாங்கியது, மொத்தம் எட்டு. முதலில் கோவாவில் இருந்தன. 1992 மார்ச்சில் உங்கள் ஊர் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தைக் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் தொடங்கிவைத்தார். அதற்கப்புறம் அவற்றுக்கு அரக்கோணம்தான் வீடு.

அந்த அதிர்வுக்குக் காரணம் இருக்கிறது. நாலு எஞ்சின், ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத்திறன். ஒவ்வொரு எஞ்சினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு காற்றாடிகள், ஒன்று வலப்பக்கம் சுற்றினால் மற்றது இடப்பக்கம் சுற்றும். முன் காற்றாடி கலக்கிவிட்ட காற்றைப் பின் காற்றாடி வெட்டும்போதுதான் அந்த உறுமல் பிறக்கிறது. காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வந்துவிடும். ஒருமுறை திருத்தணி போகிற வழியில் ரயில் அரக்கோணத்தில் நின்றபோது கேட்டேன். எதிரே டீ விற்றுக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திக்கொண்டு, சத்தம் ஓயும்வரை டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து பேசினார். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது அவ்வளவு பழகியிருந்தது.

2017 மார்ச் 29-இல் அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள். இப்போது அந்த வேலையை போயிங் பி-8ஐ பார்க்கிறது. அது நல்ல விமானம்தான். ஆனால் அது போகும்போது யாரும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. விசாகப்பட்டினம் போனால் ராமகிருஷ்ணா கடற்கரையில், குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகத்துக்கு எதிரே ஒரு டியூ-142 நிற்கிறது. உள்ளே ஏறிப் பார்க்கலாம்.

உங்களுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது?
– ஒரு வாசகர், திருநின்றவூர்

அப்பாவால். அவர் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது தபால் இலாகாவின் ரயில் தபால் பிரிவில், வேலை பார்த்தார். எங்கள் வீடு பல்லாவரத்தில்.

இன்றைக்குப் பலருக்கு இது தெரியாது. 1949 ஜனவரியில் இந்தியாவில் இரவு விமானத் தபால் தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் என்று நாலு ஊரிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் கிளம்பும். நாலும் நள்ளிரவில் நாக்பூரில் வந்து கூடும். அங்கே தபால் பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். சாயங்காலம் மதராஸில் போட்ட கடிதம் மறுநாள் தில்லியில் இருக்கும். அதே வருஷம் இன்னொரு ஏற்பாடும் வந்தது. உள்நாட்டுக் கடிதத்துக்கு விமானக் கட்டணம் என்று தனியாகத் தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை, சாதாரணக் கடிதமே விமானத்தில் போகும். ஏழை வீட்டுக் கடிதமும் பறந்தது என்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. ‘நம்ம இலாகா செஞ்ச காரியத்துலயே இதுதான்டா பெருசு’ என்பார்.

பை ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் போகும் முறை அவருக்கு வரும். எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும்போது, 1966 வாக்கில், இரண்டு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கான்வாஸ் பைகளின் வாய் சணல் கயிற்றால் இறுக்கப்பட்டு அரக்கு முத்திரை வைத்திருக்கும். அந்த அரக்கு வாசனையும் விமான எரிபொருள் வாசனையும் எனக்கு இன்றுவரை ஒன்றாகத்தான் நினைவுக்கு வரும். நான் போன காலத்தில் நாலு எஞ்சின் வைத்த பெரிய விமானங்கள் வந்துவிட்டன. ஆனால் அப்பா மனசில் இருந்தது ஆரம்பத்தில் போன டகோட்டா என்ற இரட்டை எஞ்சின் விமானம்தான். ‘பெரிய விமானம் கம்பெனிக்குச் சொந்தம். டகோட்டா நமக்குச் சொந்தம்’ என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அவர் வீட்டில் இருக்கும் ராத்திரிகளில் திண்ணையில் படுத்தபடி சத்தத்தைக் கேட்டுவிட்டு, ‘நாக்பூர் கிளம்பிட்டான்’ என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவார். 1973-இல் அந்தச் சேவை நின்றது. அதற்கப்புறமும் கொஞ்ச நாள் அந்த நேரத்துக்கு அவர் புரண்டுகொண்டே இருந்தது எனக்குத் தெரியும்.

பகலில் நானும் பக்கத்து வீட்டுப் பையனும் பல்லாவரம் மலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வோம். அங்கிருந்து ஓடுபாதை தெரியும். வால்பக்கம் எழுதியிருக்கும், இந்திய விமானங்களுக்கே உரிய ‘வி.டி.’ பதிவெழுத்துகளை ஒருவன் படிப்பான், ஒருவன் எழுதுவான். எழுதியது அப்பா கொண்டுவரும் பழைய படிவங்களின் பின்பக்கத்தில். அந்தக் காலத்தில் விமான நிலையத்தில் படம் எடுக்கத் தடை. கேமராவும் எங்களிடம் கிடையாது. அதனால் என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. பென்சிலால் எழுதிய முப்பத்தொரு தாள் மட்டும் இருக்கிறது. ஒரு தாளில் எழுத்துக்குப் பக்கத்தில் ‘மழை, சரியாகத் தெரியவில்லை’ என்று நண்பன் எழுதியிருக்கிறான். அவன் எழுதியதில் எனக்குப் பிடித்த வரி அதுதான். தெரியாததைத் தெரிந்ததாக எழுதக் கூடாது என்பதில் அந்த வயதிலேயே அவன் அவ்வளவு கறார்.

விமானக் கண்காட்சியில் வண்ணப் புகை விடுகிறார்களே, அது என்ன?
– ஒரு மாணவர், சூலூர்

டீசல் மாதிரி ஒரு எண்ணெய். சூடான எஞ்சின் புகையில் அதைப் பீய்ச்சினால் ஆவியாகி, வெளிக்காற்று பட்டதும் வெள்ளைப் பனிமூட்டமாக மாறுகிறது. நிறம் வேண்டுமென்றால் சாயம் கலப்பார்கள்.

நீங்கள் சூலூர்க்காரர் என்பதால் இரண்டு சேதி. மயில் படம் போட்ட துருவ் ஹெலிகாப்டர்கள் சேர்ந்து ஆடும் ‘சாரங்’ குழு உங்கள் ஊர்தான். இன்னொன்று, விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரண் முதன்முதலாக மக்கள் முன்னால் பறந்தது 1996 செப்டம்பரில், கோயம்புத்தூரில். அப்போது அவர்களிடம் இருந்தது நம் ஹெச்.ஏ.எல். செய்த கிரண் விமானம். 2011 பிப்ரவரியில் எலஹங்காவில் கிரண் விமானங்களோடு அவர்கள் பறந்ததைப் பார்க்க பெங்களூர் போயிருந்தேன். சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பது விமானம். அந்தக் கண்காட்சியோடு கிரணில் ஆடுவது முடிந்துவிட்டது. 2015-இல் ஹாக் ஜெட்டோடு திரும்பி வந்தார்கள். ஹாக் வேகமானது, இன்னும் நெருக்கமாகப் பறக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும். கிரண் திரும்பும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும், அந்தத் திருப்பத்தை முழுசாகப் பார்க்க நேரம் கிடைக்கும். எனக்கு அது வேண்டும்.

பையனுக்குப் பழைய விமானம் காட்ட வேண்டும். சென்னையில் எங்கே?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்தில் ஒரு மாருத் நிற்கிறது. கர்ட் டேங்க் என்ற ஜெர்மானியர் தலைமையில் பெங்களூரில் வடிவமைத்து, 1961-இல் முதலில் பறந்த போர் விமானம். மொத்தம் 147 கட்டினார்கள். பையனை அதன் மூக்குக்கு நேரே நிற்கவைத்துப் பாருங்கள், எவ்வளவு ஒல்லி என்று அவனே சொல்வான். லீவு கிடைத்தால் பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையில் உள்ள ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கள்.

2024-இல் மெரினாவில் நடந்த விமானக் காட்சியைப் பார்த்தீர்களா? எது பிடித்தது?
– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பார்த்தேன். அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. சாந்தோமில் மகள் வீட்டு மொட்டைமாடியில் இருந்து. அன்றைக்குக் கூட்டத்திலும் வெயிலிலும் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஆசையாக வானத்தைப் பார்க்க வந்தவர்கள். அதை நினைக்காமல் அந்த நாளைப் பற்றி என்னால் பேச முடியாது.

ரஃபேல் வந்தது, தேஜஸ் வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். நான் காத்திருந்தது டகோட்டாவுக்கு. ‘பரசுராமா’ என்று பெயர். 1944 வாக்கில் கட்டியது. இங்கிலாந்தில் பழுதுபார்த்து, 2018 ஏப்ரலில் கோவென்ட்ரியிலிருந்து நிறுத்தி நிறுத்தி இந்தியாவுக்குப் பறந்தே வந்தது. இதை விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தவர் ராஜீவ் சந்திரசேகர். அவருடைய அப்பா விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். அதன் வாலில் இருக்கும் வி.பி.905 என்ற எண், 1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களைக் கொண்டுபோன டகோட்டாவின் எண்.

டகோட்டாவுக்கு இரண்டு எஞ்சின், ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர். இரண்டும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் சுற்றாது, ஒரு இழை முன்பின் இருக்கும். அதனால் அந்தச் சத்தம் ஒரே சீராக வராது. ஊம்… ஊம்… என்று ஏறி இறங்கி வரும், தொட்டிலை ஆட்டுகிற மாதிரி. கடலோரமாக அது வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ‘தாத்தா, பாருங்க, போயிடப் போகுது’ என்று பேத்தி கையைப் பிடித்து உலுக்கினாள். நான் திறக்கவில்லை.

அவள் போனில் அதைப் பதிவு செய்திருக்கிறாள். படத்தில் விமானம் சின்னப் புள்ளிதான், ஆனால் சத்தம் நன்றாக விழுந்திருக்கிறது. நடுவில் இரண்டு காக்கை, கீழ்வீட்டுக் குக்கர் விசில், அப்புறம் அந்த ஊம்… ஊம். மொத்தம் இருபது விநாடி. என் போனுக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். ராத்திரி படுக்கப் போகும்போது ஒருதடவை போட்டுக் கேட்பேன்.