நீர் தெளிவாக இருந்தும் ஆக்சலாட்டல் வாடுவது ஏன்?

கேள்வி: உதகையில் வசிக்கிறேன். மூன்று மாதங்களாக 100 லிட்டர் தொட்டியில் ஓர் ஆக்சலாட்டல் (நீரிலேயே வாழும், செவுளுள்ள சாலமாண்டர் வகை) வளர்த்து வருகிறேன். தண்ணீர் 16 டிகிரி குளிர்ச்சியுடன் தெளிவாகவே இருக்கிறது. ஞாயிறுதோறும் பாதி நீரை மாற்றி, ஆன்டி குளோரின் சொட்டுகள் கலந்த குழாய் நீரை ஊற்றுகிறேன். ஸ்பான்ஜ் ஃபில்டரைக் குழாயடியில் கழுவுகிறேன். இரண்டு வாரங்களாக அதன் செவுள்கள் முன்னோக்கி வளைந்துள்ளன, இரையையும் தொடுவதில்லை. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), நைட்ரைட் 0, நைட்ரேட் 5, பி.எச். 6.2, கே.எச். (அமிலத்தைச் சமன்செய்யும் கார்பனேட் காரத்தன்மை) 1 டிகிரி என்று வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஆக்சலாட்டலை 10 லிட்டர் பிடிக்கும் சுத்தமான பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றி, அதே வெப்பநிலையில் உள்ள, குளோரின் நீக்கிய நீரை ஊற்றுங்கள், அந்த நீரை நாள்தோறும் முழுமையாக மாற்றுங்கள். தொட்டியைச் சீராக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அது டப்பிலேயே இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய அளவுகளில் என் கண் முதலில் நின்றது அம்மோனியாவில் அன்று, கே.எச். 1 என்பதில்தான். ஆக்சலாட்டலின் தாயகமான மெக்சிகோவின் சோசிமில்கோ, உதகையைப் போலவே கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே சமவெளியில் வளர்ப்போரை வாட்டும் வெப்பச் சிக்கல் உங்களுக்கு இல்லை. ஆனால் சோசிமில்கோ, இயற்கையாக நீர் வெளியேற வழியில்லாத எரிமலைப் பள்ளத்தாக்கில் இருப்பதால் அங்கே தாது உப்புகள் தேங்கி நீர் கடினமாகிறது. நீலகிரியிலோ, சுண்ணாம்புச் சத்து குறைந்த சார்னோக்கைட் பாறைகளின் மேல் வழிந்தோடும் மழைநீர் மென்மையாகவே குழாய்க்கு வந்து சேருகிறது. குளிர் ஒத்துப்போயிற்று, நீர் ஒத்துப்போகவில்லை.

கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பான்ஜில் குடியேறுகின்றன. இந்த வேலையில் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மை செலவாகிறது. உங்கள் குழாய் நீரில் அந்த இருப்பே மிகக் குறைவு என்பதால், அது தீர்ந்ததும் பி.எச். சரிந்து, 6.5-க்குக் கீழே பாக்டீரியாக்களின் வேலை பெருமளவு முடங்கிவிட்டது. குளிர்ந்த நீரில் ஏற்கெனவே மெதுவாகப் பெருகும் அவற்றை, வாரந்தோறும் குளோரின் கலந்த குழாய் நீரில் ஸ்பான்ஜைக் கழுவியதும் கொன்றிருக்கிறது. தெளிவான நீர் நல்ல நீர் என்று நம்பிவிடாதீர்கள், அம்மோனியாவுக்கு நிறமில்லை.

இந்த இடத்தில் பலர் செய்யும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. பி.எச். குறைவு என்றதும் விலங்கு உள்ளே இருக்கும்போதே சமையல் சோடாவைக் கொட்டிவிடுகிறார்கள். அமில நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாக இருக்கிறது; பி.எச். 6.2-லிருந்து 7.5-க்கு ஏறினால், நச்சு வடிவில் உள்ள பங்கு சுமார் இருபது மடங்காகிவிடும். விலங்கை முதலில் வெளியே எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

தொட்டி நீரை மாற்றி அம்மோனியாவைக் குறைத்த பிறகு, 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா கே.எச். அளவை ஏறத்தாழ 1 டிகிரி உயர்த்தும் என்ற கணக்கில், மூன்று நாட்களில் 4 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சோடாவில் கால்சியம் இல்லை. அதற்காக, நன்றாகக் கழுவி உடைத்த கிளிஞ்சல் ஓடுகளை வலைப்பையில் கட்டி ஃபில்டர் அருகே வையுங்கள். நீர் அமிலமாகும்போது அவை மெல்லக் கரைந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் தரும். சுட்ட கிளிஞ்சலான சுண்ணாம்பை மட்டும் தப்பித்தவறியும் போடாதீர்கள், பி.எச். தாறுமாறாக ஏறிவிடும்.

அடுத்து, பாக்டீரியாக்களுக்கு இரை கொடுத்துப் பெருக்க வேண்டும். விலங்கு இல்லாத தொட்டியில் ஹீட்டரை 25 டிகிரியில் வைத்து, 100 லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம் தூய அம்மோனியம் குளோரைடு சேர்த்தால் அம்மோனியா 2 பி.பி.எம். ஆகும். அது குறையும்போதெல்லாம் மீண்டும் சேர்த்து வாருங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாகும் நிலை வந்ததும், ஹீட்டரை எடுத்துவிட்டு 17 டிகிரிக்குக் குளிரவைத்து மீண்டும் சோதியுங்கள். அந்தக் குளிரிலும் தேறினால்தான் தொட்டி தயார். பெரிய அளவில் நீரை மாற்றி நைட்ரேட்டை 20-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு விலங்கை விடலாம்.

அதன்பின் வாரம் கால் பங்கு நீர் மாற்றினால் போதும். புதிய நீரிலும் அதே கே.எச். அளவு இருக்கட்டும். ஸ்பான்ஜை, தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மட்டும் பிழியுங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் நெடுநேரம் நின்றால், ஸ்பான்ஜில் உள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இன்றி மடியும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைச் சரிவுகளுக்குக் கீழுள்ள ஊற்று நீரையும், அங்கே தோண்டிய மண்புழுக்களையும் தவிர்க்குமாறு அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். கொப்புள நோய்க்காகத் தேயிலையில் தெளிக்கப்படும் காப்பர் ஆக்ஸிகுளோரைடில் உள்ள தாமிரம், செவுளால் சுவாசிக்கும் இவ்வுயிர்களுக்குக் குறைந்த அளவிலேயே நஞ்சாகும். அதேபோல், தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஓடையில் ஊற்றாதீர்கள். வேறெங்கும் இல்லாத தவளைகள் வாழும் மலை இது, அவற்றுக்குப் பூஞ்சை நோய் அந்த நீரின் வழியே பரவக்கூடும். ஓடைக்கு எட்டாத தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றுங்கள்.